இருபத்தைந்தாவது பதிவு

"இன்னும் ஒண்ணு குறையுதும்மா" என்றாள் ரெஜினா.

நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. கோபம் ஓர் அளவைத் தாண்டினால் அவளுக்கு அழுகை வராது, சிரிப்புதான் வரும். மாவட்ட மரபுப் பதிவகத்தின் ஏழாம் எண் சன்னலில் பதினான்கு மாதமாக இதே வாக்கியத்தைக் கேட்டு வருகிறாள். எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. முதல் நாள் வந்தபோது இருபத்திரண்டு குறைந்தது. இன்றைக்கு ஒன்று.

"இருபத்தி நாலு புள்ளைகளைக் கண்ணு முன்னால கொண்டாந்து காட்டிட்டனுங்க மேடம். அதுல எட்டு செத்தே போச்சு. இன்னும் ஒண்ணு வந்தாத்தான் இது நோய்னு ஒத்துக்குவீங்களா?"

"நான் ஒத்துக்கறதுக்கு என்னம்மா இருக்கு. எந்திரம் ஒத்துக்கணும். உயிரோட இருக்கறவங்க, இறந்தவங்க, எல்லாம் சேத்து இருபத்தஞ்சு திறந்த பதிவு இருந்தாத்தான் நோய்க்கு எண் குடுக்கும். எண் இல்லேன்னா ஆஸ்பத்திரியில மருந்து எந்திரம் திறக்காது. இதை உங்களுக்கு நான் எத்தனை தடவைதான் சொல்றது."

"பூட்டுப் போட்ட பதிவும் அதே எந்திரத்துக்குள்ளதானுங்களே கெடக்குது?"

"ஆமா."

"அப்ப மொத்தம் எத்தனை பேருன்னு அதுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா சொல்லாது. எண் வந்தப்புறம்தான் எங்களுக்கே காட்டும்." ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பாப்பா எப்படி இருக்கா?"

சக்கர நாற்காலியில் பொழிலி துண்டின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. அவளுக்கு வந்திருக்கும் நோய்க்குப் பெயர் கிடையாது. காய்ச்சல் வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு நாலு நாள் வாய் கசக்கும், ஐந்தாம் நாள் எழுந்து ஓடும். பொழிலிக்கு வரும் காய்ச்சல் போகும்போது சும்மா போகாது. இரண்டு வயதில் வந்தது நடையைக் கொண்டுபோனது. போன ஆவணியில் வந்தது கரண்டி பிடிக்கும் கையைக் கொண்டுபோனது. மார்கழியில் வந்த பிறகு சாய்மானம் இல்லாமல் உட்கார முடியவில்லை. பங்குனிக் காய்ச்சல், அவளிடம் மிச்சம் இருந்த ஒரே சொல்லையும் எடுத்துக்கொண்டது. அது 'அம்மா' என்ற சொல். அடுத்த காய்ச்சலில் விழுங்கும் சக்தி போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடி பிறந்தால் மழை. மழை வந்தால் காய்ச்சல்.

இத்தனைக்கும் மருந்து ஒன்றும் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. அதே ஊர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஓர் எந்திரம் இருக்கிறது. மரபில் பிசகிய எழுத்து எதுவென்று காட்டினால் அதைத் திருத்தும் ஊசிமருந்தைப் பத்தொன்பது நாளில் செய்து தரும். போனது திரும்பாது, இனிமேல் எதுவும் போகாது. ஆனால் எண் இருக்கும் நோய்க்குத்தான் அது வாயைத் திறக்கும். எண் வந்தால் மருந்தோடு நிற்காது, வீட்டுக்கு நர்ஸ் வருவார், பள்ளிக்கூடத்தில் துணைக்கு ஓர் ஆள் கிடைப்பார், பெற்றவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கலாம். எண் இல்லாவிட்டால் மந்திரித்த கயிறு கிடைக்கும். அதைக் கட்டச் சொல்லத்தான் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

பூட்டு என்பது ஊர் வைத்த பெயர். சட்டத்தில் அதற்குக் 'குடும்ப மறைப்புரிமை' என்று பெயர். முப்பது வருஷத்துக்கு முன், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அதன் மரபு முழுவதையும் படித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். நம் ஆட்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஜாதகத்தோடு மரபுத் தாளையும் கேட்க ஆரம்பித்தார்கள். பெண்ணின் பெரியப்பா மகனுக்கு என்னவோ கோளாறாம் என்று தெரிந்து, நிச்சயித்த கல்யாணங்கள் பந்தக்கால் நட்ட பிறகும் நின்றன. ஊருக்கு ஊர் கூச்சல் எழுந்தது. நோயைத் தீர்க்கச் சட்டம் போடச் சொன்னால் இருபது வருஷம் யோசிக்கிறவர்கள், அதை மறைக்கச் சட்டம் போடுவதை ஒரே கூட்டத்தொடரில் முடித்துவிட்டார்கள். எந்தக் குடும்பமும் தன் பிள்ளையின் பதிவைப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டிய கைதான் பிறகு திறக்கவும் முடியும். செத்துப்போன பிள்ளை என்றால், வீட்டில் அடுத்துக் கல்யாணம் ஆகப்போகிறவர் கைரேகை வைத்துப் பூட்ட வேண்டும்.

பூட்டிய பதிவு எந்தக் கணக்கிலும் சேராது. கணக்கில் சேராத நோய்க்கு எண் இல்லை. எண் இல்லாத நோயைப் பொருத்தம் பார்க்கும் எந்திரமும் தேடாது. நறுமுகைக்கும் அவள் கணவன் யுவனேஷுக்கும் வந்த மரபுப் பொருத்தம் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். அந்தச் சான்றைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். காற்றாலையில் மெக்கானிக்காக இருக்கும் யுவனேஷ் சாதுவான மனிதன். பொழிலியின் நடை போன அன்றைக்கு அவன் ஒன்றும் பேசாமல் அந்தச் சான்றைக் கழற்றி அட்டாலிப் பரணில் முகம் கவிழ்த்துப் போட்டான்.

மற்றக் குழந்தைகளை நறுமுகை கண்டுபிடித்தது மூக்கால். முதல் நாள் சன்னலில் படிவத்தை நிரப்பிக்கொண்டே ரெஜினா கேட்டாள், "காய்ச்சல் அடிக்கறப்ப பாப்பா உடம்புல ஏதாவது வாசம் வருமா?" நறுமுகையின் ஊர் காங்கேயம் பக்கம். சுற்றிலும் கொப்பரைக் களங்கள், எண்ணெய் ஆலைகள். தலையணை உறையிலிருந்து ரேஷன் அட்டை வரை எல்லாவற்றிலும் தேங்காய் வாசம் ஏறியிருக்கும். அந்த ஊரில் ஒரு குழந்தையின் வியர்வையில் நாள்பட்டுக் காறின தேங்காய் வாசம் அடித்தால் யார் கவனிப்பார்கள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அவளுக்கு ஊட்டி நினைவுக்கு வந்தது. அங்கே களமும் இல்லை, ஆலையும் இல்லை. குளிரில் காய்ச்சல் கண்ட பொழிலியின் நெற்றியில் அதே வாசம் அடித்ததே.

அதன் பிறகு அவள் கிளம்பிவிட்டாள். எந்த வீட்டில் 'பெலவீனமான' பிள்ளை இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் பொழிலியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். "காய்ச்சலுக்குக் காறல் வாசம் அடிக்குமாங்க?" என்று வாசலிலேயே கேட்டாள். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டார்கள். சில வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே பிள்ளையின் அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திருமூர்த்தி என்றொரு வாத்தியார், பள்ளிக்கூடத்தில் உயிரியல்தான் நடத்துகிறார். அவர் வீட்டுப் பின்கட்டில் நாலு வயதுப் பையன் கட்டிலில் கிடந்தான். நறுமுகைக்குக் காப்பி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க சொல்றது நெசம்தானுங்க. எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா வர்ற தையில பெரியவளுக்குக் கல்யாணம் பண்ணலாம்னு இருக்கறனுங்க. அது முடியட்டும். மொத ஆளா நானே வந்து பூட்டைத் திறந்துடறேன்."

"பெரியவ உங்க புள்ள. சரிங்க. இவன் யாரு புள்ளைங்க?"

வெயிலாக இருக்கிறது, குழந்தையை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். மூன்று வாரத்தில் அந்தப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாள் அவரே பதிவகத்துக்குப் போய்க் கையை வைத்துத் திறந்தார். அதுதான் இருபத்தி நாலாவது பதிவு. செத்த பிறகு திறக்க மட்டும் எல்லோருக்கும் கை நீளுகிறது என்று நறுமுகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத் துக்கம் விசாரிக்கப் போனபோதுகூட அவளால் அழ முடியவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை, பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனை, நடுக்கூடத்தில் வைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணன் கார்வேந்தன் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார், அப்பா விட்டுப்போன களம். அவருடைய ஒரே மகள் சம்யுக்தாவுக்குக் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆனி கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். இன்னும் பதினெட்டு நாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். சம்யுக்தா ஒரு பழைய தகரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கல்யாணப்பெண் என்று அவளை யாரும் வேலை செய்ய விடுவதில்லை, அதனால் அவளுக்குப் பொழுது போகவில்லை.

"அத்தை, இதப் பாருங்க. நீங்கதானே? மடியில யாரு?"

காகிதத்தில் எடுத்த போட்டோ, ஓரம் அரித்திருந்தது. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பையன் கழுத்து நிற்காமல் சாய்ந்திருந்தான்.

"உங்க சித்தப்பா, கண்ணு. நிலன்னு பேரு. எனக்கும் உங்க அப்பாவுக்கும் தம்பி. மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டான்."

"எங்கிட்ட யாருமே சொன்னதில்லையே. இது நம்ம களமா?"

"இல்ல கண்ணு. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ். தாத்தா அப்ப ரயில்வேல இருந்தாரு. களமெல்லாம் அப்ப ஏது? அவன் போன அடுத்த வருசம் வேலைய விட்டுப்போட்டு வந்துதான் தாத்தா இந்தக் களத்தையே…"

நறுமுகை வாக்கியத்தை முடிக்கவில்லை.

நிலனின் தலையில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காய்ச்சல் அடிக்கும் தலை, ஈரமான முடி, அதில் காறின தேங்காய் வாசம். இத்தனை வருஷமாக அந்த நினைவு வரும்போதெல்லாம் அது களத்து வாசம் என்றுதான் எண்ணி வந்தாள். தம்பியைப் பற்றிய நினைவு, அதனால் வீட்டு வாசமும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். 'இது நம்ம களமா' என்று இந்தப் பெண் கேட்கும்வரை, ரயில்வே குவார்ட்டர்ஸில் கொப்பரை ஏது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வாசல் வாசலாக நின்று அடுத்தவர் பிள்ளையை மோந்து பார்த்தவளுக்குத் தன் வீட்டுப் பிள்ளையின் வாசம் தெரியாமல் போயிற்று.

அவள் பொழிலியை சம்யுக்தாவிடம் விட்டுவிட்டுக் களத்துக்கு இறங்கிப் போனாள். கார்வேந்தன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கொப்பரையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நிலனோட பதிவு பூட்டியிருக்குதுங்களா?"

அவர் கை நின்றது. "கல்யாண வீட்டுல இப்ப எதுக்கு அம்மிணி அந்தப் பேச்சு?"

"பூட்டியிருக்குதா இல்லீங்களா?"

"இருக்குது."

"யாரு போட்டது? அப்பாவா, அம்மாவா, நீங்களா? சொல்லுங்க. யாரு கைன்னு எனக்குத் தெரியோணும். செத்துப்போன புள்ளைய இன்னொருக்காப் பொதைச்ச கை யாருதுன்னு தெரியோணும்."

கார்வேந்தன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை.

"உன் கைதான் அம்மிணி" என்றார்.

அவள் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"உன்ற நிச்சயத்தன்னைக்குக் காலைல பதிவகத்து ஆளு ஊட்டுக்கே வந்திருந்தான். நீ ரெண்டு கைலயும் மருதாணி வெச்சுட்டு உக்காந்திருந்த. தகடு உன்ற ரேகைய எடுக்கல. அம்மா தேங்காயெண்ணெயத் தடவித் துடைச்சுட்டு மறுக்கா வெக்கச் சொன்னாங்க. வெச்ச. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. நல்ல எடம், தட்டிப்போயிடக் கூடாதுன்னு."

அது நினைவில்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் நினைவிருந்தது. ஏழெட்டுத் தாள், ஒரு சில்லென்ற தகடு. வாசலில் மாப்பிள்ளை வீட்டு வண்டிச் சத்தம் கேட்க, எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டினாள். அன்றைக்கு அவளுக்கு இருபத்தி நாலு வயது. படித்தவள். கேட்டிருந்தால் சொல்லித்தான் இருப்பார்கள். கேட்கவில்லை.

"பொழிலிக்கு மொதக் காய்ச்சல் வந்துச்சே. நீங்கதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனீங்க. அப்பவே உங்களுக்கு வாசம் தெரிஞ்சிருக்குமே?"

"சந்தேகமா இருந்துச்சு."

"நாலு வருசமா சந்தேகமாவே இருந்துச்சுங்களா? நான் நாயிக்கு நடுவுல போயி நின்னு ஊரான் ஊட்டுக் கதவைத் தட்டிட்டு வந்து உங்ககிட்டத்தான் சொல்லுவேன். இருபதாச்சுங்ணா, இருபத்தி மூணாச்சுங்ணான்னு. நீங்க இளநி வெட்டிக் குடுப்பீங்க."

கார்வேந்தன் குனிந்து நின்றார். பிறகு, நறுமுகை வீடு வீடாகக் கேட்டுச் சலித்த அதே வாக்கியத்தைச் சொன்னார். "ஒரு பதினெட்டு நாள் பொறுத்துக்க அம்மிணி. கல்யாணம் முடிஞ்சன்னைக்குச் சாயங்காலமே நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன். இப்பத் திறந்தா மாப்பிள்ளை ஊட்டுக்குத் தகவல் போயிரும். அவங்க நின்னுக்குவாங்க. ஒத்தப் புள்ள. நான் எங்க போவேன்?"

"மருந்து செய்யவே பத்தொம்பது நாளு ஆகும். பதினெட்டும் பத்தொம்பதும் முப்பத்தேழு. நடுவுல ஆடி மழை. அவ தண்ணி முழுங்கறது போயிட்டா உங்க பந்தியில எவ எலைல என்னத்த வெப்பீங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது. சம்யுக்தா பொழிலியை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்து மேட்டில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"இத்தனை பேசறீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அப்பா?"

"நீ உள்ள போ கண்ணு."

"எனக்கும் அவருக்கும் தொண்ணூத்தஞ்சு மார்க்குன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அத்தைக்கும் மாமாவுக்கும் தொண்ணூத்தெட்டு. அதுல வந்தவதான் இவ." அவள் பொழிலியின் வாயோரத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். "நாளைக்கு எனக்கும் இப்படி ஒண்ணு பொறந்தா அதுக்கும் பூட்டுதானுங்களா? யாரு கல்யாணத்துக்காக?"

"கல்யாணம் நின்னு போச்சுன்னா…"

"நிக்கட்டும். நிக்கலேன்னா அவர் நல்லவருன்னு தெரிஞ்சுக்கறேன். அத்தை, வண்டி நான் எடுக்கறேன். வாங்க."

பதிவகத்தில் ஏழாம் எண் சன்னல் திறந்திருந்தது. முந்தின வாரம் முழுக்க லீவு போட்டிருந்த ரெஜினா அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். மேசை மேல் ஒரு டப்பாவில் லட்டு இருந்தது. பொழிலியைப் பார்த்ததும் ஒன்றை எடுத்தவள், அவளால் கடிக்க முடியாது என்பது நினைவுக்கு வந்து திரும்ப வைத்துவிட்டாள்.

"ஒண்ணு கிடைச்சிருச்சுங்க மேடம்" என்றாள் நறுமுகை.

ரெஜினாவின் முகம் ஏனோ வெளுத்தது. "யாரு?"

"என்ற தம்பி. செத்து இருபத்தி மூணு வருசம் ஆச்சு."

தகடு சில்லென்றுதான் இருந்தது. இந்தத் தடவை ரேகை முதலிலேயே பதிந்தது. ரெஜினா திரையைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள், பிறந்த தேதியைப் படித்தாள், அடுத்த வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பூட்டினவங்க பேரு… நறுமுகைன்னு வருதும்மா."

"நானேதானுங்க. சத்தமாவே படிங்க. வரிசையில நிக்கறவங்களும் கேக்கட்டும்."

இருபத்தைந்து என்று திரை காட்டியது. பதினான்கு மாதம் நடந்து, கெஞ்சி, திட்டி, அவமானப்பட்டுச் சேர்த்த எண்ணிக்கை. எந்திரம் அதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. கூடவே, மாவட்ட ஆஸ்பத்திரி இரண்டாம் மாடிக்குத் தகவல் போய்விட்டதாகவும் மருந்து பத்தொன்பது நாளில் தயாராகும் என்றும் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒன்பது பிள்ளைகள் செத்திருக்கின்றன.

"நோய்க்குப் பேரு கேக்குது. கடைசிப் பதிவைத் திறந்தவங்கதான் வெக்கணும்."

"நிலன்னு போடுங்க. எங்க ஊட்டுல அந்தப் பேரை வாயில எடுத்தே இருபத்தி மூணு வருசம் ஆச்சு. இனி ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சொல்லட்டும்."

ரெஜினா தட்டினாள். திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. கீழே புதிதாக ஒரு வரி தெரிந்தது. எண் வந்தபின் காட்டும் என்று ரெஜினா சொல்லியிருந்த வரி.

'இந்த எண்ணின் கீழ் இம்மாவட்டத்தில் பூட்டப்பட்ட பதிவுகள்: 311.'

முந்நூற்றுப் பதினொன்று. ஒன்றுக்காக அவள் நாய்க்கடி வாங்கினாள். ஒன்றுக்காகப் பிள்ளையின் பேச்சைக் கொடுத்தாள். முந்நூற்றுப் பதினொன்று இதே பெட்டிக்குள் இத்தனை நாளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. இதில் எத்தனை பேர் அவளுக்குக் காப்பி கொடுத்தார்கள், எத்தனை பேர் பொழிலியைக் கொஞ்சினார்கள்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணிக்கை மாறியது. 310.

திரை கெட்டுவிட்டதோ என்று நிமிர்ந்தாள். சன்னலின் அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தகட்டின் மேல் ரெஜினாவின் உள்ளங்கை இருந்தது. அதில் மருதாணி இன்னும் மங்கவில்லை.

"பையன்" என்றாள் ரெஜினா. "ஒம்பது வயசு. போன வாரந்தான் மூத்தவளுக்குக் கல்யாணம் முடிஞ்சுது."

நறுமுகை மடியிலிருந்த தன் படிவத்தை எடுத்தாள். பதினான்கு மாதத்துக்கு முன் ரெஜினா நிரப்பிக் கொடுத்த அதே படிவம், மடிப்பில் கிழிந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தாள். வாசத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. அன்றைக்குக் கேட்டது படிவம் அல்ல.

"தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"நீங்களாவது மத்தவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். என்னால திறக்க முடியலை. எப்படியும் இருபத்தஞ்சு வந்துடும்னு…"

"மாசாமாசம் குறையுதுன்னு சொன்னீங்களே, கடைசியில ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்களே, அது உங்ககிட்டயே இருந்துச்சு."

"ஆமா."

"மூணு காய்ச்சல் மேடம்" என்றாள் நறுமுகை. "ஆவணி, மார்கழி, பங்குனி. இவ என்னை அம்மான்னு கூப்புட்டுட்டு இருந்தா."

ரெஜினா தலையை நிமிர்த்தவில்லை. சன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவளை அறைய வேண்டும் என்றுதான் நறுமுகைக்கு இருந்தது. கையைத் தூக்கவும் தூக்கினாள். தூக்கிய கையைப் பார்த்தாள். மருதாணி காயாத ஒரு காலையில் நீட்டிய அதே கை. அதைக் கொண்டு இவளை அறைய என்ன யோக்கியதை இருக்கிறது? அது தெரிந்தும் கோபம் ஒரு துளி குறையவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல உங்க பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. எட்டரைக்கு. ரெண்டாம் மாடி வாசல்ல நிப்பேன்."

"அவங்க அப்பா ஒத்துக்க மாட்டாரும்மா. மாப்பிள்ளை வீட்டுல இன்னும்…"

"ஒம்பதுக்குள்ள வரலேன்னா உங்க ஊட்டுக்கு நான் வருவேன்" என்றாள் நறுமுகை, பொழிலியின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டே. "கதவைத் தட்டறது எனக்குப் பழக்கந்தானுங்க."